இழப்பீடு வழங்கும் மேசையில் அரசு வழக்கறிஞர்: மேற்பார்வை எதைப் பார்க்க வேண்டும்?

கேட்கப்பட்ட கேள்வி இது: அமெரிக்காவில் கதிர்வீச்சு பாதிப்புக்கு இழப்பீடு கேட்டு வரும் மனுக்களை அரசு வழக்கறிஞர்களே பரிசீலித்து முடிவு செய்கிறார்கள் என்கிறார்கள், அந்த வழக்கறிஞர்களை மேற்பார்வையிடுபவர் உண்மையில் என்ன வேலை செய்கிறார், நீதிமன்றத்தில் அரசுக்காக வாதாடும் வழக்கறிஞர்களை மேற்பார்வையிடுவதிலிருந்து அது எந்த வகையில் மாறுபடுகிறது?

நேராகவே சொல்லிவிடுகிறேன். நீதிமன்ற வழக்கறிஞரின் மேலதிகாரி, எதிர்த்தரப்பின் கோரிக்கையில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடுவதைத் தன் கீழுள்ளவருக்குக் கற்றுத் தருகிறார். இழப்பீட்டுத் திட்டத்தின் மேலதிகாரி அந்தப் பழக்கத்தையே அவரிடமிருந்து கழற்ற வேண்டியிருக்கிறது. அதே சமயம், இரக்கப்பட்டு இல்லாத சான்றை இருப்பதாக எழுதிவிடவும் விடக்கூடாது, ஏனென்றால் கொடுக்கப்படுவது பொதுப்பணம், கொடுப்பதற்கான நிபந்தனைகளை வகுத்தது நாடாளுமன்றம். இரண்டுக்கும் நடுவில் ஓர் ஒற்றையடிப் பாதைதான் இருக்கிறது, அதில் ஒரு குழுவையே தடம் மாறாமல் நடத்திச் செல்வதுதான் இந்த மேற்பார்வை. ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பது, இந்தத் திட்டம் எங்கிருந்து பிறந்தது என்று பார்த்தால் விளங்கும்.

1951 ஜனவரியில் நெவாடா சோதனைத் தளத்தில் அணுகுண்டுச் சோதனைகள் தொடங்கின. 1962 வரை அங்கே ஏறத்தாழ 100 குண்டுகள் திறந்த வெளியில் வெடிக்கப்பட்டன. 1953 வசந்த காலத்துச் சோதனைகளுக்குப் பிறகு, அந்தப் பகுதியில் மேய்ந்துவிட்டு யூட்டா மாநிலத்தின் சீடர் சிட்டி பக்கம் திரும்பிய மந்தைகளில் 4,000-க்கும் மேற்பட்ட ஆடுகள் இறந்தன. ஆட்டு உரிமையாளர்கள் அரசின்மீது வழக்குப் போட்டார்கள். 1956-ல் நீதிபதி ஷெர்மன் கிறிஸ்டென்சன், கதிர்வீச்சுதான் காரணம் என்று நிரூபிக்கப்படவில்லை என வழக்கைத் தள்ளினார். கால் நூற்றாண்டு கழித்து, அரசிடம் இருந்த பழைய ஆவணங்கள் வெளியே வந்த பின், 1982-ல் அதே நீதிபதி அதே வழக்கை மீண்டும் திறந்து, அரசுத் தரப்பு தகவலை மறைத்தது, சாட்சிகளுக்கு அழுத்தம் கொடுத்தது, திசைதிருப்பும் பதில்களைத் தந்தது, இவை நீதிமன்றத்தையே ஏமாற்றிய மோசடி என்று தீர்ப்பளித்தார். அந்தத் தீர்ப்பை 10-ஆம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். சட்டப்படி அந்த மோசடிக் கண்டுபிடிப்பு நிலைக்கவில்லை. ஆனால் யூட்டாவின் தென்பகுதியில் அரசு வழக்கறிஞர் என்ற சொல்லுக்கு அதற்குப் பிறகு என்ன மதிப்பு இருந்திருக்கும் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

மனிதர்களுடைய வழக்குகளும் அதே வழியில்தான் போயின. காற்று வீசிய திசையில் குடியிருந்து புற்றுநோய்க்கு ஆளானவர்களும் அவர்களது குடும்பத்தினருமாக ஏறக்குறைய 1,200 பேர் சேர்ந்து தொடுத்த ஆலன் வழக்கில், மாதிரியாக எடுத்துக்கொள்ளப்பட்ட 24 பேரில் 10 பேருக்கு 1984-ல் நீதிபதி புரூஸ் ஜென்கின்ஸ் இழப்பீடு வழங்கினார். 1987-ல் மேல்முறையீட்டில் அது போயிற்று. அரசு தன் விருப்புரிமைப்படி எடுத்த கொள்கை முடிவுக்காக அதன்மீது வழக்குத் தொடர முடியாது என்ற விதிவிலக்கு குறுக்கே நின்றது. யுரேனியம் வெட்டிய நவஹோ பழங்குடித் தொழிலாளர்களின் வழக்கும் அதே சுவரில் மோதித்தான் நின்றது. அவர்களுக்காகவும் டவுன்விண்டர்கள் எனப்படும் காற்றுத்திசை மக்களுக்காகவும் பல ஆண்டுகள் அலைந்தவர்களில் முன்னாள் உள்துறைச் செயலர் ஸ்டூவர்ட் யூடாலும் ஒருவர். சோதனைகளில் நிறுத்தப்பட்ட படைவீரர்களுக்கோ 1950-ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று முன்கூட்டியே கதவைச் சாத்தியிருந்தது.

ஆக, நீதிமன்றத்தில் எல்லா வழியும் அடைபட்ட பிறகு நாடாளுமன்றம் திறந்த கதவுதான் 1990 அக்டோபர் 15 அன்று அதிபர் ஜார்ஜ் எச். டபிள்யூ. புஷ் கையெழுத்திட்ட கதிர்வீச்சு பாதிப்பு இழப்பீட்டுச் சட்டம். அந்தச் சட்டத்தின் தொடக்கத்திலேயே நாட்டின் சார்பில் நாடாளுமன்றம் பாதிக்கப்பட்டவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறது. இழப்பீட்டுச் சட்டத்தில் மன்னிப்பு எழுதிவைப்பது அபூர்வம். இதில் வேடிக்கை என்னவென்றால், இதை நடைமுறைப்படுத்தும் பொறுப்பு நீதித்துறை அமைச்சின் தலைவரான அட்டர்னி ஜெனரலிடம் கொடுக்கப்பட்டு, அந்த அமைச்சின் சிவில் பிரிவில் வந்து அமர்ந்தது. முன்னே சொன்ன வழக்குகளில் அரசுக்காக வாதாடிய அதே அமைச்சு! புதிதாக ஒரு வாரியமோ தீர்ப்பாயமோ அமைக்கப்படவில்லை. எதிர்த்து வாதாடிய கை இனி மனுவை வாங்கிப் படித்துப் பணம் கொடுக்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. மேற்பார்வையின் சிக்கல் முழுவதும் இந்த ஏற்பாட்டிலேயே முடிச்சாகக் கிடக்கிறது.

சட்டத்தின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தொடக்கத்தில் காற்றுத்திசை மக்களுக்கு 50,000 டாலர், சோதனைத் தளத்தில் இருந்தவர்களுக்கு 75,000 டாலர், யுரேனியச் சுரங்கத் தொழிலாளருக்கு 1,00,000 டாலர் என ஒரே தொகை. 2000-ஆம் ஆண்டுத் திருத்தம் யுரேனிய ஆலைத் தொழிலாளரையும் தாது ஏற்றிச் சென்ற ஓட்டுநர்களையும் சேர்த்தது, நோய்ப் பட்டியலை நீட்டியது. மனுதாரர் அரசின் தவற்றை நிரூபிக்க வேண்டியதில்லை. தன் புற்றுநோய் அந்தக் குண்டினால்தான் வந்தது என்றும் நிரூபிக்க வேண்டியதில்லை. குறித்த இடத்தில், குறித்த காலத்தில், குறித்த அளவு நாள் இருந்தார் அல்லது வேலை செய்தார், பட்டியலில் உள்ள நோய் வந்தது என்று காட்டினால் போதும், காரணத்தைச் சட்டமே ஊகித்துக்கொள்கிறது. திருத்தத்திற்குப் பிறகு 2024 வரை இருந்த விதிப்படி, பெரும்பாலான நோய்களுக்குக் காற்றுத்திசை மாவட்டம் ஒன்றில் 1951 ஜனவரி 21-க்கும் 1958 அக்டோபர் 31-க்கும் இடையில் மொத்தம் 2 ஆண்டு இருந்திருக்க வேண்டும், அல்லது 1962 ஜூன் 30 முதல் ஜூலை 31 வரை முழுதாக இருந்திருக்க வேண்டும்.

வழக்கறிஞருக்கு இந்த இடத்தில்தான் முதல் தடுமாற்றம் வருகிறது. பல ஆண்டு வழக்காடியவர் ஒரு கோப்பைத் திறந்ததும் அவரையறியாமலே கேட்கும் கேள்வி, ‘இவருக்குப் புகைப்பழக்கம் இருந்ததா?’ என்பது. 1990-ஆம் ஆண்டின் மூலச் சட்டத்தில் சுரங்கத் தொழிலாளரைப் பொறுத்தவரை அந்தக் கேள்விக்கு இடமும் இருந்தது. புகைபிடித்தவர் கூடுதல் கதிர்வீச்சு அளவைக் காட்ட வேண்டியிருந்தது. 2000-ல் அந்தப் பாகுபாட்டையே எடுத்துவிட்டார்கள். புகைக்காதவருக்கே 200 அலகு என்றிருந்த வரம்பு எல்லாருக்கும் 40 என்று இறங்கியது. பிறகு ஓராண்டு வேலை செய்திருந்தாலே போதும் என்ற மாற்று வழியும் சேர்ந்தது. (அந்த அலகு, யுரேனியத் தாதிலிருந்து கசியும் ரேடான் வாயுவின் விளைபொருள்கள் குறிப்பிட்ட அளவில் கலந்த காற்றில் 170 மணி நேரம் வேலை செய்வதைக் குறிக்கும்.) சட்டம் எடுத்துவிட்ட கேள்வியைப் பரிசீலகர் தன் மனத்திலிருந்து எடுத்துவிட்டாரா என்பதைக் கோப்பின் ஓரக் குறிப்புகளில்தான் பார்க்க முடியும். ‘30 ஆண்டு புகைப்பழக்கம்’ என்று யாராவது பென்சிலால் எழுதி அடிக்கோடிட்டிருந்தால், மேற்பார்வையாளர் அந்த நபரைக் கூப்பிட்டுப் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

சட்டம் இன்னொரு படியும் மேலே போகிறது. மனு நிபந்தனைகளை நிறைவு செய்கிறதா என்பதில் நியாயமான ஐயம் இருந்தால், அது மனுதாரருக்குச் சாதகமாகவே தீர்க்கப்பட வேண்டும் என்கிறது. கேட்க இனிமையான வரி. ஆனால் தினமும் கையாளும்போது இதைப்போல் வழுக்கும் வரி வேறில்லை. சான்று இரண்டு பக்கமும் சமமாக நிற்கும்போது மனுதாரர் பக்கம் சாய்க்கச் சொல்லும் வரியே தவிர, சான்றே இல்லாத இடத்தில் ஊகத்தை நிரப்பிக்கொள்ளச் சொல்லும் வரி அன்று. இரண்டுக்கும் எல்லை எங்கே என்று ஒவ்வொரு பரிசீலகரும் தனித்தனியே முடிவு செய்தால், ஒரே மாதிரியான இரண்டு விதவைகளில் ஒருவருக்குப் பணமும் மற்றவருக்கு மறுப்புக் கடிதமும் போகும். அதனால் எல்லை வழக்குகளை வாரம் ஒருமுறை ஒரே மேசையில் வைத்து, எல்லாப் பரிசீலகர்களும் கேட்க, ஏன் இது போதும், ஏன் அது போதாது என்று பேசி, முடிவை எழுத்தில் வைப்பதை நான் மேற்பார்வையின் முதுகெலும்பு என்றே கருதுகிறேன். வெறும் சுற்றறிக்கையால் இந்த ஒருமைப்பாடு வராது.

ஒரு கோப்பை எண்ணிப் பாருங்கள். இது நான் கற்பனையாக வைத்துக்கொள்வது, ஆனால் இதிலுள்ள ஒவ்வொரு சிக்கலும் உண்மையில் வருவதுதான். நியூ மெக்ஸிகோவின் ஷிப்ராக் பக்கத்திலிருந்து ஒரு நவஹோ மூதாட்டி விண்ணப்பிக்கிறார். கணவர் 1950-களில் யுரேனியச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர், நுரையீரல் நோயால் இறந்தவர். சமூகப் பாதுகாப்பு ஊதியப் பதிவில் அவர் பெயர் ஒரு மாதிரியும், பொதுச் சுகாதாரத் துறை 1950 முதல் நடத்திய சுரங்கத் தொழிலாளர் ஆய்வுப் பதிவில் இன்னொரு மாதிரியும், இறப்புச் சான்றிதழில் மூன்றாவது மாதிரியும் இருக்கிறது. குடும்பப் பெயரோ பிகே. நவஹோ மொழியில் ‘அவருடைய மகன்’ என்ற பொருளுள்ள சொல்லைக் கணக்கெழுத வந்தவர்கள் காதில் விழுந்தபடி எழுதிவைக்க, அது ஆயிரக்கணக்கானோரின் குடும்பப் பெயராகிவிட்டது. வேலை பார்த்த சுரங்கங்களில் ஒன்று, இரண்டு மூன்று பேர் சேர்ந்து நடத்திய சிறு சுரங்கம். அதற்குச் சம்பளப் பட்டியலே கிடையாது. திருமணம் மரபு முறைப்படி நடந்தது, சான்றிதழ் இல்லை. ஆனால் இறப்புக்கு முன் குறைந்தது ஓராண்டு மணமானவராக இருந்தால்தான் மனைவி வாரிசாக முடியும்.

பழக்கம் மாறாத வழக்கறிஞர் இதைப் பத்து நிமிடத்தில் முடித்துவிடுவார்: அடையாளம் நிறுவப்படவில்லை, வேலை நிறுவப்படவில்லை, திருமணம் நிறுவப்படவில்லை. மூன்று வரி, மூன்றும் தொழில்முறையில் பிழையற்றவை. சட்டத்தைப் படித்த மேற்பார்வையாளரோ வேறு மூன்றைக் கேட்பார். பழங்குடிகளின் சட்டம், மரபு, வழக்கம் ஆகியவற்றைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று 2000-ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்லியிருக்கும்போது, நவஹோ நீதிமன்றம் மரபுத் திருமணத்தை உறுதிசெய்து தரும் ஆணையைப் பெற்று அனுப்பலாம் என்று அந்த அம்மாளிடம் சொன்னோமா? வேலைக்குப் பிரமாணப் பத்திரத்தையும் சான்றாகக் கொள்ளலாம் என்று சட்டம் அனுமதிக்கும்போது, கூட வேலை பார்த்த யாராவது உயிரோடு இருக்கிறார்களா என்று கேட்டோமா? மூன்று விதமாக எழுதப்பட்ட பெயரை, பிறந்த ஆண்டையும் பழங்குடிக் குடியெண்ணையும் வைத்து ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தோமா? இந்த மூன்றும் நடந்த பிறகும் வேலை ஓராண்டுக்கு வரவில்லை, கதிர்வீச்சு அளவும் 40-ஐ எட்டவில்லை என்றால், மறுப்பதைத் தவிர வழியில்லை. அப்போது அந்த மறுப்பு நேர்மையானது.

மருத்துவச் சான்றில் எதிர்மாறான ஆபத்து இருக்கிறது. அங்கே வழக்கறிஞர் மருத்துவராகிவிடுவார். காற்றுத்திசை மனுக்களில் பெரும்பாலான புற்றுநோய்கள் அந்த உறுப்பிலேயே தோன்றியவையாக இருக்க வேண்டும். வேறெங்கோ தொடங்கிக் கல்லீரலுக்குப் பரவியது கல்லீரல் புற்றுநோய் ஆகாது. இறப்புச் சான்றிதழில் ‘கல்லீரல் புற்றுநோய்’ என்று மட்டும் இருந்தால், பயாப்ஸி (திசுப் பரிசோதனை) அறிக்கை வேண்டும் என்று கேட்பது சரியே. ஆனால் அறிக்கை வந்த பிறகு, அதில் கையெழுத்திட்ட நோய்க்குறியியல் மருத்துவரின் கருத்தை இணையத்தில் படித்த ஒரு கட்டுரையை வைத்து மறுத்து எழுதுவது வழக்கறிஞரின் வேலையன்று. சுரங்கத் தொழிலாளரின் சிலிக்கோசிஸ் (பாறைத்தூசியால் வரும் நுரையீரல் நோய்) போன்ற நோய்களுக்கு எந்த எக்ஸ்ரே, எந்த மூச்சுப் பரிசோதனை, யார் படித்தது செல்லும் என்பதெல்லாம் விதியிலேயே எழுதப்பட்டிருக்கிறது. விதி கேட்பதைவிட ஒரு காகிதம் அதிகமாகக் கேட்கும் பழக்கம் எந்தப் பரிசீலகருக்காவது இருந்தால், அதை முளையிலேயே கிள்ள வேண்டும். கூடுதலாகக் கேட்கப்படும் ஒவ்வொரு காகிதமும் எண்பது வயதுக்காரர் ஒருவருக்கு மருத்துவமனைப் பதிவறைக்கு இன்னொரு பயணம். அந்த மருத்துவமனை முப்பது ஆண்டுக்கு முன்பே மூடப்பட்டதாகவும் இருக்கலாம்.

இது கால அளவோடும் பிணைந்திருக்கிறது. மேற்பார்வையாளர் மிக நெருக்கமாகக் கண்காணிக்க வேண்டிய இடம் என்று நான் நினைப்பது இதுதான். மனு வந்த 12 மாதத்துக்குள் அட்டர்னி ஜெனரல் முடிவு சொல்ல வேண்டும். ஆனால் கூடுதல் தகவல் கேட்டுக் கடிதம் போட்டால், பதில் வரும்வரை அந்த நாட்கள் கணக்கில் சேராது. நல்ல நோக்கத்தோடு வைத்த ஏற்பாடு. ஆயினும், மேசையில் குவிந்த கோப்புகளைப் பார்த்து மலைக்கும் பரிசீலகருக்கு, பதினோராவது மாதத்தில் ஒரு கடிதம் போட்டுக் கடிகாரத்தை நிறுத்திவிடலாம் என்ற எண்ணம் வராமலிருக்காது. முறை தவறாத கடிதம்தான், எந்த விதியையும் அது மீறவில்லை. ஆகவே சராசரியாக எத்தனை நாளில் முடிக்கிறார்கள் என்ற எண்ணிக்கையை மட்டும் பார்க்கும் மேலதிகாரிக்கு இது தென்படவே தென்படாது. கடிதம் போன தேதியைக் கோப்பு வந்த தேதியோடு வைத்துப் பார்க்க வேண்டும். குறை இருந்தால் அது முதல் மாதத்திலேயே தெரிந்திருக்கும். பதினோராவது மாதத்தில்தான் தெரிந்தது என்றால் அதுவரை கோப்பை யாரும் திறக்கவில்லை.

மறுக்கப்பட்டவர் 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். தனியாக அமர்த்தப்பட்ட மேல்முறையீட்டு அலுவலர் அதைப் பார்த்து 90 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதற்கும் மேலே மாவட்ட நீதிமன்றம் இருக்கிறது, ஆனால் அங்கே நீதிபதி கோப்பைப் புதிதாக எடைபோடுவதில்லை. முடிவு தான்தோன்றித்தனமானதா, சட்டத்துக்கு முரணானதா என்று மட்டுமே பார்ப்பார். அப்படியென்றால் நடைமுறையில் உண்மையைத் தீர்மானிப்பது முதல் பரிசீலகரின் மேசைதான், பிற்பாடு எந்த நீதிபதியும் அதைத் திரும்ப அலசப்போவதில்லை. நீதிமன்ற வழக்கறிஞருக்கு எதிரே இன்னொரு வழக்கறிஞர் இருக்கிறார், மேலே நீதிபதி இருக்கிறார். இருவருமே அவருடைய பிழையைப் பிடிக்கக் காத்திருப்பவர்கள். இங்கே எதிரே அமர்ந்திருப்பது பெரும்பாலும் ஒரு நோயாளி, அல்லது நோயாளியை இழந்தவர். பிழையைப் பிடிக்க மேற்பார்வையாளரை விட்டால் ஆளில்லை.

அதனால் மறுப்புக் கடிதத்தை ஒருவர் எழுதி ஒருவரே அனுப்பும் முறை எனக்கு உடன்பாடில்லை. வரைவு மேற்பார்வையாளரின் கண்ணில் பட்டே போக வேண்டும், அதை அவர் கோப்போடு வைத்துப் படிக்க வேண்டும், கடிதத்தை மட்டும் படித்தால் எல்லாம் சரியாகவே தோன்றும். ‘உங்கள் கணவர் தேவையான காலம் வேலை செய்ததற்குப் போதிய ஆதாரம் இல்லை’ என்ற வரி உண்மையாக இருக்கலாம், ஆனால் வாங்கிப் படிப்பவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. ‘1957-ல் இரண்டு காலாண்டுகளுக்கு இன்ன நிறுவனம் ஊதியம் கொடுத்ததை ஏற்றுக்கொண்டோம், அது ஆறு மாதம், மீதி ஆறு மாதத்துக்கு நீங்கள் குறிப்பிட்ட சுரங்கத்துக்குப் பதிவு ஏதும் எங்களுக்குக் கிடைக்கவில்லை, உடன் வேலை செய்தவரின் பிரமாணப் பத்திரமோ அக்காலத்து மருத்துவக் குறிப்போ கிடைத்தால் அதைப் பரிசீலிப்போம்’ என்று எழுதினால் அதே மறுப்பு ஒரு வழிகாட்டியாகிவிடுகிறது. மறுக்கப்பட்டவர் மூன்று முறை வரை மீண்டும் விண்ணப்பிக்கலாம் என்று சட்டம் வைத்திருப்பதன் பொருளே இதுதான். எது ஏற்கப்பட்டது, எது குறைகிறது என்று சொல்லாத கடிதம் அந்த மூன்று வாய்ப்பில் ஒன்றை வீணடிக்கிறது.

இன்னொரு நுட்பமான சிக்கல். மனுதாரர்களில் பலருக்கு வழக்கறிஞர் கிடையாது, வைத்துக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அவர்கள் தொலைபேசியில் அழைத்து, ‘நான் என்ன அனுப்பினால் நடக்கும், சொல்லுங்கள்’ என்று நேராகவே அரசு வழக்கறிஞரிடம் கேட்கிறார்கள். வழக்கறிஞர் வைத்துக்கொள்ளாதவரின் நலன் தன் கட்சிக்காரரின் நலனோடு மோதக்கூடும் என்றால், அவருக்குச் சட்ட ஆலோசனை தரக்கூடாது என்பது அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் மாதிரி நடத்தை விதி. இங்கே கட்சிக்காரர் அரசு. அப்படியானால் வாயைத் திறக்காமல் இருப்பதா? விதியைக் காரணம் காட்டி அப்படி ஒதுங்கிக்கொள்பவர்கள் எந்த அலுவலகத்திலும் இருப்பார்கள். என் கருத்து வேறு. இந்தத் திட்டத்தில் தகுதியுள்ளவருக்குப் பணம் போய்ச் சேர்வதுதான் அரசின் நலன் என்று நாடாளுமன்றமே சொல்லிவிட்டது. எந்தச் சான்று ஏற்கப்படும், அது எந்த அலுவலகத்தில் கிடைக்கும் என்று சொல்வது ஆலோசனை ஆகாது, தகவல். மாறாக, ‘இந்தப் பணத்தை வாங்கலாமா, அல்லது அரசின்மீது வழக்குப் போடலாமா’ என்று ஒருவர் கேட்டால் அங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும், ஏனென்றால் பணத்தைப் பெற்றுக்கொள்வது அரசுக்கு எதிரான அவரது கோரிக்கைகளை முழுவதுமாக முடித்துவைக்கிறது, அந்த முடிவில் இருவர் நலனும் ஒன்றல்ல. இந்த எல்லையைப் பயிற்சி வகுப்பில் சொன்னால் பதியாது. புதியவரின் முதல் சில தொலைபேசி உரையாடல்களின்போது அருகில் அமர்ந்திருந்து சொல்லித்தர வேண்டும்.

மனுதாரருக்கு வழக்கறிஞர் இருந்தால், அவருடைய கட்டணத்துக்கும் சட்டம் வரம்பு கட்டியிருக்கிறது: முதல் மனுவுக்கு இழப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம், மறுக்கப்பட்ட மனுவைத் திரும்பக் கொண்டுவருவதற்கு 10 சதவீதம். மருத்துவப் பதிவுகளை வாங்கும் செலவுபோன்ற கைச்செலவும் அந்த 2 சதவீதத்துக்குள்ளேயே அடங்க வேண்டும் என்று நீதித்துறை அமைச்சு விதி செய்தது. 2007-ல் 10-ஆம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், சட்டம் கட்டணத்துக்குத்தான் வரம்பு வைத்தது, செலவுக்கு அல்ல என்று சொல்லி அதைச் செல்லாததாக்கியது. விதியை எழுதியவர்கள் மனுதாரரைப் பாதுகாப்பதாகவே நினைத்திருப்பார்கள். ஆனால் செலவைக்கூடத் திரும்பப் பெற முடியாது என்றால் எந்த வழக்கறிஞர் சிக்கலான கோப்பைத் தொடுவார்? நல்லெண்ணத்தோடு செய்வதும் சட்டத்தைத் தாண்டிப் போகலாம் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

நடத்தை விதிகளைத் தொட்டுவிட்டதால் மேற்பார்வையாளரின் சொந்தப் பொறுப்பையும் சொல்லிவிடுகிறேன். மத்திய அரசு வழக்கறிஞர்கள் தாங்கள் பணியாற்றும் மாநிலத்தின் வழக்கறிஞர் நடத்தை விதிகளுக்குக் கட்டுப்பட்டவர்கள் என்று 1998-ல் நாடாளுமன்றம் சட்டமாகவே ஆக்கிவிட்டது. மாதிரி விதிகளின்படி, தன் கீழுள்ள வழக்கறிஞரின் தவறு தெரிந்தும், அதன் விளைவைத் தவிர்க்க நேரம் இருந்தும், ஒன்றும் செய்யாமல் விட்ட மேலதிகாரி அந்தத் தவறுக்குத் தானும் பொறுப்பாளி. வழக்கறிஞர் அல்லாத பரிசீலகர்கள், உதவியாளர்கள் விஷயத்திலும் இதேபோல் ஒரு விதி இருக்கிறது. கோப்பின் கணிசமான பகுதியை இவர்கள்தான் தயாரிக்கிறார்கள் என்பதால், ‘அது கிளார்க் செய்த பிழை’ என்று கையைத் தட்டிவிட்டுப் போக முடியாது. சாதகமான ஓர் ஆவணம் கோப்பில் இருந்தும் முடிவில் அது பேசப்படவில்லை என்றால், அதைக் கண்டும் கையெழுத்திட்டவர் 1956-ஆம் ஆண்டு ஆட்டு வழக்கை ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்கலாம்.

மோசடி மனுக்களே வராதா என்று கேட்பீர்கள். வரும். இல்லாத குடியிருப்புக்குப் பிரமாணப் பத்திரம் தயாரிப்பவர்கள் எந்த இழப்பீட்டுத் திட்டத்திலும் உண்டு. அதற்குச் சந்தேகப் பார்வையை எல்லாக் கோப்பின்மீதும் படரவிடுவது மருந்தாகாது. ஒரே கையெழுத்து, ஒரே வாசகம், ஒரே சாட்சி பல கோப்புகளில் திரும்பத் திரும்ப வருகிறதா என்று மேலிருந்து பார்ப்பது மேற்பார்வையாளரால் மட்டுமே முடியும். ஒற்றைக் கோப்பை வைத்திருக்கும் பரிசீலகருக்கு அது தெரியாது.

பணத்தைப் பற்றியும் ஒரு பாடம் இருக்கிறது. 2000-க்குப் பிறகு மனுக்கள் பெருகி, ஒதுக்கிய நிதி தீர்ந்துபோய், ஒப்புதல் பெற்றவர்களுக்கே ‘உங்கள் மனு ஏற்கப்பட்டது, நிதி வந்ததும் பணம் தரப்படும்’ என்ற கடிதம்தான் போயிற்று. ஒப்புதலான ஆறு வாரத்தில் பணம் கொடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்லியிருந்த காலம் அது. கடனுறுதிச் சீட்டு என்று மக்கள் கசப்போடு சொன்ன அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே சிலர் இறந்தார்கள். நிதி ஒதுக்குவது வழக்கறிஞர் கையில் இல்லை. ஆனால் எத்தனை மனு வரும், எவ்வளவு தேவைப்படும் என்ற கணக்கை உண்மையாகவும் முன்கூட்டியும் மேலே அனுப்புவது மேற்பார்வையாளரின் கையில்தான் இருக்கிறது.

அந்தக் கணக்கு இப்போது மறுபடி முக்கியமாகிறது. 2022-ல் இரண்டாண்டு நீட்டிக்கப்பட்ட சட்டம் 2024 ஜூனில் காலாவதியாயிற்று. அதுவரை 40,000-க்கும் மேற்பட்டோருக்கு 260 கோடி டாலருக்கு மேல் வழங்கப்பட்டிருந்தது. ஓராண்டுக்கு மேல் கதவு மூடியே கிடந்தது. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான பெரிய வரவு செலவுச் சட்டத்தின் ஒரு பகுதியாக அது திரும்ப வந்தபோது, காற்றுத்திசை மக்களுக்கும் தளத்தில் இருந்தோருக்கும் தொகை 1,00,000 டாலராக உயர்ந்தது. குடியிருப்புக் காலம் ஓராண்டாகக் குறைந்தது. 1945 ஜூலை 16 அன்று முதல் அணுகுண்டு வெடித்த டிரினிட்டி சோதனையின் நிழலில் வாழ்ந்தும் அதுவரை சேர்க்கப்படாமலே இருந்த நியூ மெக்ஸிகோ மக்கள் உள்ளே வந்தார்கள். யுரேனியத் தொழிலாளருக்கான காலம் 1971-லிருந்து 1990 இறுதிவரை நீண்டது. மிசௌரி, டென்னசி, கென்டக்கி, அலாஸ்கா மாநிலங்களில் குண்டுத் தயாரிப்புக் கழிவு கிடந்த பகுதிகளுக்கெனப் புதிய பிரிவே தோன்றியது. மனு கொடுக்கக் கடைசி நாள் 2027 டிசம்பர் 31.

இவ்வளவும் ஒரே நேரத்தில் மேசைக்கு வரும்போது மேற்பார்வையாளர் முதலில் எதைச் செய்ய வேண்டும் என்று கேட்டால், பழைய மறுப்புக் கோப்புகளைத் திறக்கச் சொல்வேன். குடியிருந்த மாவட்டம் அன்றைய பட்டியலில் இல்லை, அல்லது இரண்டாண்டுக்குச் சில மாதம் குறைந்தது என்ற ஒரே காரணத்துக்காக மறுக்கப்பட்டவர்கள் அதில் இருப்பார்கள். அவர்களில் பலர் இன்றைய விதிக்குள் வந்துவிடக்கூடும், ஆனால் அது அவர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ‘நீங்கள் 14 மாதம் அங்கிருந்ததை ஏற்கிறோம், 24 மாதம் தேவை’ என்று எழுதியிருந்த கடிதங்களை ஓர் உதவியாளர் ஒரு பிற்பகலில் பிரித்து எடுத்துவிடுவார். ‘போதிய ஆதாரம் இல்லை’ என்று மட்டும் எழுதியிருந்தவற்றை முதல் பக்கத்திலிருந்து படிக்க வேண்டும்.